வயிற்றுக்கு பைபாஸ், வேலூரில்: டாக்டருக்கு 5, டயட்டீஷியனுக்கு 6, போன் எடுக்காதவர்களுக்கு 2

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சி.எம்.சி. பற்றி இல்லை. வேலூர் ஆஸ்பத்திரி என்று எழுதினாலே எல்லோருக்கும் அதுதான் ஞாபகம் வரும். எடை குறைக்க இரைப்பையில் செய்கிற கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷனுக்கு நாங்கள் போனது வேறொரு தனியார் மருத்துவமனை. பெயர் போடப் போவதில்லை, ஏனென்றால் இவருக்கு இன்னும் அங்கேதான் செக்கப், அங்கே எனக்குப் பிடித்தவர்களும் இருக்கிறார்கள், முகத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறவர்களும் இருக்கிறார்கள். மார்க் மட்டும் போடுகிறேன். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு 5-க்கு 5. டயட்டீஷியனுக்கு 5-க்கு 6 போட்டாலும் தகும். பில்லிங், போன் எடுப்பது, ஒரு டிபார்ட்மென்ட் இன்னொரு டிபார்ட்மென்டோடு பேசுவது, இதற்கெல்லாம் 2. மொத்தத்தில் 3½.

இவர் என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரரை. வயது 46, உயரம் 169 செ.மீ., அப்போது எடை 118 கிலோ, கணக்குப் போட்டால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 41-ஐத் தாண்டும். ஒன்பது வருடச் சர்க்கரை, கடைசியில் இன்சுலின் வரை வந்துவிட்டது, கூடவே பிரஷர் மாத்திரை, நெஞ்செரிச்சல், பக்கத்து வீட்டுக்கே கேட்கிற குறட்டை. பிறந்த ஊர் ஆம்பூர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் என்ன சமையல் என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. நடைப்பயிற்சி, பேலியோ, கொள்ளு ரசம், யாரோ கொடுத்த லேகியம் என்று எல்லாம் பார்த்து, பத்து கிலோ குறைந்து பதினைந்து கிலோ ஏறிய சரித்திரமும் உண்டு.

இந்த ஆபரேஷன் என்றால் எல்லோரும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள், எந்த டாக்டர், எவ்வளவு செலவு. கத்தி வைக்கிற வேலை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் இரண்டு மாதமும் அதற்குப் பின்னால் ஆயுசுக்கும் இருக்கிற வேலையை யார் கூட நின்று பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஆஸ்பத்திரியைப் பிடிக்க வேண்டும், அதனால் இந்த விமர்சனமும் அந்தப் பக்கமாகத்தான் நீளும்.

டாக்டரிடம் எனக்குப் பிடித்தது, அவர் எங்களுக்கு எதையும் விற்கப் பார்க்கவில்லை. 2025 மார்ச்சில் எடை குறைக்கிற மௌன்ஜாரோ ஊசி இந்தியாவில் விற்பனைக்கு வந்த நேரம் அது, இவர் உட்கார்ந்ததுமே "சார், ஊசியிலேயே முடிச்சுக்கலாமா" என்றுதான் ஆரம்பித்தார். வாராவாரம் போட வேண்டும், நன்றாகவே வேலை செய்யும், உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்தவர்கள் உண்டு, நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு மறுபடி ஏறும், மாதாமாதம் அந்தச் செலவு தாங்குமா என்று வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாங்களே யோசித்துத்தான் திரும்பப் போனோம். அப்போது ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஸ்லீவ் என்கிற இன்னொரு வகை ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாய் மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை, இரைப்பையின் மேல் பக்கம் சுமார் 30 மி.லி. பிடிக்கிற ஒரு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள், சாப்பிடுவது மீதி இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமலே போய்விடும். ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் கூடலாம், உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, சர்க்கரையும் பழையது, அதனால் பைபாஸ் என்றார். உயிருக்கு ஆபத்து உண்டா என்று நான் கேட்டேன். மழுப்பவில்லை. நல்ல சென்டரில் ஆயிரத்தில் ஒருவர் அளவுக்கு, பித்தப்பை ஆபரேஷனில் இருப்பது போலத்தான், ஆனால் அந்த ஒருவர் யார் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாதும்மா என்றார். 5-க்கு 5 இதற்காகத்தான்.

அப்புறம் டெஸ்ட் படலம். மூன்று மாதச் சர்க்கரை, தைராய்டு, இரும்பு, பி12, வைட்டமின் டி, ஈ.சி.ஜி., எக்கோ, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி, தூக்கப் பரிசோதனை. காசு பிடுங்குகிறான் என்று வீட்டில் பேச்சு எழுந்தது, எங்கள் வீட்டில் எதற்குத்தான் எழவில்லை. எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புண் உண்டாக்குகிற எச். பைலோரி கிருமி இருப்பது தெரிந்தது, இரண்டு வாரம் மாத்திரை கொடுத்து அதை ஒழித்த பிறகுதான் தேதி கொடுத்தார்கள். பைபாஸ் செய்துவிட்டால் அந்தப் பழைய இரைப்பைக்குள் சாதாரண எண்டோஸ்கோபி போக வழி கிடையாது, பார்க்க வேண்டியதை முன்னாடியே பார்த்துவிட வேண்டும், இந்தக் காரணத்தை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும். தூக்கப் பரிசோதனையில் ராத்திரி மூச்சு நின்று நின்று வருவது பிடிபட்டது. மயக்க மருந்து டாக்டர் கறாரானவர், தூங்கும்போது மூக்கில் மாட்டிக் காற்றை அழுத்தித் தருகிற சி-பேப் மெஷினை வாடகைக்கு எடுத்து வீட்டில் மாட்டிப் பழகிவிட்டு வா, இல்லாவிட்டால் நான் மயக்கம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மனநல ஆலோசகரும் ஒருவர் உண்டு. ராத்திரி எழுந்து சாப்பிடுவாரா, கோபம் வந்தால் சாப்பிடுவாரா, குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்டார். குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை, பைபாஸுக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலே சீக்கிரம் ஏறிவிடுமாம், பழக்கமும் முற்றிவிடுமாம். சிகரெட், பீடி அறவே கூடாது, இணைத்த இடத்தில் புண் வரும்.

இன்சூரன்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் மாதிரி ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 37.5 இருந்தால், அல்லது 32.5 இருந்து கூடவே சர்க்கரை போன்ற நோயும் இருந்தால், ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர்கள் பல வருடமாக ஒரு கணக்கு வைத்திருந்தார்கள், 2022-ல் வந்த புதிய வழிகாட்டுதலில் அது இன்னும் குறைந்துவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துகிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதியில் இருக்கிற கணக்கு வேறு. அங்கே 40 இருக்க வேண்டும், அல்லது 35 இருந்து கூடவே கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நிற்கிற ஸ்லீப் ஆப்னியா கடுமையாக இருப்பது, இதய நோய் மாதிரி ஒன்று இருக்க வேண்டும். நடுவில் 33, 34 என்று நிற்பவர்களுக்கு டாக்டர் சரி என்பார், கம்பெனி முடியாது என்று சொல்லலாம், கைக்காசுதான். பாலிசி எடுத்தவுடனே கேட்கவும் முடியாது, காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று உங்கள் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்ரூவல் வந்தது, கேட்ட எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வைத்து ஒரே முறை கொடுத்ததால் இழுபறி இல்லை.

வந்த பணம் போக மிச்சத்தில்தான் சண்டை. பேக்கேஜ் மூன்றரை லட்சம் என்றார்கள். குடலையும் இரைப்பையையும் வெட்டி மூடுவது ஸ்டேப்ளர் வைத்து, அதில் போடுகிற ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் தனி விலை, பேக்கேஜில் இத்தனைதான் அடக்கம், அதற்கு மேல் போனால் எக்ஸ்ட்ரா என்கிற சங்கதி டிஸ்சார்ஜ் பில்லில்தான் எங்களுக்குத் தெரிந்தது. டாக்டர் தேவை என்று போட்டதற்கு நான் எதுவும் சொல்லவில்லை, அதை முன்னாடி வாயால் சொல்வதற்கு என்ன கேடு? சம்மதப் படிவம் முழுக்க இங்கிலீஷ். ஹிந்தியிலும் பெங்காலியிலும் போர்டு வைத்திருக்கிற ஆஸ்பத்திரிக்கு, கையெழுத்துப் போடுகிற தாளைத் தமிழில் அடிக்கத் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் நீர் ஆகாரம். புரோட்டீன் பவுடர், மோர், சூப், தண்ணீர், அவ்வளவுதான். கொழுப்பு ஏறிய கல்லீரல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்குமாம், இப்படி இருந்தால் அது சுருங்கி டாக்டருக்கு உள்ளே கருவி போக இடம் கிடைக்கும். இதில் ஒரு பெரிய கோளாறு நடந்தது. டயட் சார்ட் கொடுத்தவர் டயட் சார்ட் கொடுத்தார், சர்க்கரை டாக்டர் தனி ப்ளாக்கில் இருக்கிறார், சாப்பாட்டை இப்படிக் குறைக்கும்போது இன்சுலினையும் குறைக்க வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் இவருக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. மிஷினில் பார்த்தால் சர்க்கரை வெறும் 54. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு நானே போன் போட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் யூனிட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் நீர் ஆகாரம் ஆரம்பிக்கிற நாளுக்கு முன்பே சர்க்கரை டாக்டரிடம் டோஸை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னாலேயே நிறுத்த வேண்டியிருக்கும், அதையும் கேளுங்கள்.

ஆபரேஷன் காலையில் நடந்தது, சாயங்காலமே எழுப்பி வராண்டாவில் நடக்கவிட்டார்கள். வயிற்றில் ஐந்தாறு சின்ன ஓட்டைகள், அந்த வலியை விடத் தோள்பட்டை வலிதான் அதிகம் என்று புலம்பினார், உள்ளே அடைத்த வாயு தோளில் போய் வலி காட்டுமாம், நடக்க நடக்கப் போய்விட்டது. மூன்று பந்து உள்ள கருவியில் மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்க வேண்டும், காலுக்கு இறுக்கமான சாக்ஸ், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி, அந்த ஊசியை வீட்டில் சில நாள் நானே போட்டேன். நர்ஸ்கள் தங்கம். வீட்டுக்கு அனுப்பும்போது, நாடி 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வயிற்று வலி கூடினாலோ மறுநாள் காலை வரை பார்க்காதீங்க, இணைத்த இடம் கசிந்தால் அப்படித்தான் காட்டும், ராத்திரியானாலும் வந்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இன்சுலின் 40 யூனிட் போட்டுக்கொண்டிருந்தவர் இன்சுலினே இல்லாமல் வீட்டுக்கு வந்தார். பைபாஸில் எடை இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்குவது சகஜம்தானாம், சாப்பாடு குறைவது ஒரு காரணம், குடலில் சுரக்கிற ஹார்மோன்கள் மாறுவது இன்னொரு காரணம். ஆனால் சர்க்கரையே போய்விட்டது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, இன்றைக்கும் ஒரு மாத்திரை இருக்கிறது.

இனி என் இலாகா, சமையல்.

கையில் கொடுத்த சார்ட்டில் ஓட்ஸ், டோஃபு, ப்ராக்கோலி என்று அச்சடித்திருந்தது. சத்துவாச்சாரியில் நான் ப்ராக்கோலிக்கு எங்கே போவேன்? டயட்டீஷியன் சின்னப் பெண், குடியாத்தம் பக்கம், அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் கையால் எழுதிக் கொடுத்தாள், அக்கா இதைப் பாருங்க, முன்பக்கத்தை மறந்துடுங்க என்று. முதலில் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், தெளிந்த மோர், ஆட்டெலும்பு சூப்பை ஆறவைத்துக் கொழுப்பை எடுத்துவிட்டு வடிகட்டியது. அப்புறம் மோரில் கலந்த புரோட்டீன் பவுடர். அப்புறம் மிக்சியில் அடித்த பாசிப்பருப்பு, தயிர், முட்டை, முள் இல்லாமல் மசித்த மீன். அப்புறம் குழைவாக வெந்தது. ஒன்றரை இரண்டு மாதத்தில்தான் சாதாரணச் சாப்பாடு, அதுவும் குழந்தைக்கு வைக்கிற அளவு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைச் சுட்டு, தோலுரித்து, தயிரில் மசித்துக் கொடுத்த அன்று மனுஷனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது, அத்தனை நாள் ருசி தெரியாமல் இருந்தார். புவிசார் குறியீடு சும்மா கொடுக்கவில்லை.

ஒரு நாளைக்கு 60-லிருந்து 80 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும், சாப்பாட்டில் முதல் வாய் அதுதான். முட்டை ஒன்றில் 6 கிராம்தான், பத்து முட்டையை அந்தப் பைக்குள் எப்படித் தள்ளுவது, அதனால் பவுடர் இல்லாமல் ஆகாது. வெனிலா, சாக்லேட் வாங்காதீர்கள், இரண்டு வாரத்தில் அந்த வாசனையே குமட்டும். எந்த ஃப்ளேவரும் இல்லாத வே புரோட்டீன் வாங்கினால் மோரிலும் போடலாம், ரசத்திலும் போடலாம், ரசத்தைக் கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பில் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துவிடும்.

மெல்லுவது இன்னொரு பாடம். ஒவ்வொரு வாயும் இருபது முப்பது தடவை மென்று கூழாக்கித்தான் இறக்க வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரைமணி நேரம் இடைவெளி விட வேண்டும். எங்கள் மாமியார் கேழ்வரகுக் களி கிண்டுகிறவர். களியை யாராவது மெல்லுவார்களா, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே. "ஏம்மா, என் புள்ள ஒரு வாய் களி துன்னா இன்னா ஆவும்?" என்று நான் கடைக்குப் போன நேரத்தில் ஒரு உருண்டையைக் கொடுத்துவிட்டார். நெஞ்சில் நின்றுவிட்டது. எச்சில் நுரை நுரையாக வந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் துடித்து, கடைசியில் வாந்தியில்தான் தீர்ந்தது. பிசுக்குகிற எதுவும் அப்படித்தான், மெத்தென்ற பிரெட், குழைந்த பச்சரிசிச் சோறு, நார் உள்ள மட்டன். அதன் பிறகு அத்தை இவருக்கு எது கொடுப்பதானாலும் என்னைக் கேட்டார், இது ஆஸ்பத்திரி கொடுக்காத பலன்.

தேதியைப் பற்றி ஒன்று. எங்களுக்குக் கிடைத்தது கத்திரி வெயில் நடுவில். வேலூரில் மே மாதம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க முடியாத ஆளுக்கு, 30 மி.லி. மூடியில் மடக்கு மடக்காக ஒன்றரை இரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டும், அதாவது முழிப்பில் இருக்கிற நேரமெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களால் முடிந்தால் தை மாசியில் தேதி கேளுங்கள். இவருக்கு இரண்டாவது வாரம் தலைசுற்றல், சிறுநீர் கட்டங்காப்பி நிறம், குடித்ததெல்லாம் வாந்தி. ஆபரேஷனுக்கு முன்னால் காலையும் மாலையும் "எப்படி மேடம் இருக்கார் சார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கோஆர்டினேட்டர் போனை எடுக்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் போட்டிருந்த நம்பர் ரிசப்ஷனுக்குப் போய், ரிசப்ஷன் வார்டுக்குப் போட்டு, வார்டு இது ஓ.பி. விஷயம் என்றது. ஆட்டோ பிடித்து நேராக எமர்ஜென்சிக்கே கொண்டுபோய்விட்டேன். டியூட்டி டாக்டர் விவரமானவர், வாந்தி ஓயாமல் இருந்தால் பி1 குறைந்து நரம்பு பாதிக்கும் என்று தயாமின் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் க்ளூக்கோஸ் பாட்டிலையே தொட்டார். இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் டயட்டீஷியன் பெண் தன் சொந்த நம்பரைக் கொடுத்தாள். அது அவள் நல்ல மனசு, ஆஸ்பத்திரியின் ஏற்பாடு இல்லை, அதனால் மார்க்கை அவளுக்குத்தான் போடுகிறேன்.

இனிப்பைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். ஆவணியில் ஆற்காட்டில் ஒரு கல்யாணம். ஆற்காட்டுக்குப் போய்விட்டு மக்கன் பேடா வேண்டாம் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் விடுவார்களா, ஜீராவோடு ஒன்று, சின்னதுதான். கால்மணி நேரத்தில் முகமெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு முறுக்கி, மண்டபத்து ரூமில் படுக்க வைத்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் ஆம்புலன்ஸ் கூப்பிடப் போய்விட்டார்கள். டம்பிங் என்று இதற்குப் பேர், சர்க்கரை நேராகக் குடலில் போய்க் கொட்டுவதால் தண்ணீரை அங்கே இழுத்துக்கொள்ளும், ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. பிரியாணிக்கு இந்தத் தொல்லை இல்லை. துண்டை நன்றாக வேகவைத்து, மென்று, சீரகச் சம்பா இரண்டு கரண்டி, போதும் என்று தானே தட்டைத் தள்ளுகிறார். ஆம்பூர்க்காரர்!

மாத்திரை ஆயுசுக்கும். பைபாஸில் இரும்பு, கால்சியம், பி12 எல்லாம் உடம்பில் சரியாகச் சேராது. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும், இரும்போடு டீயும் கூடாது. கால்சியம் சிட்ரேட் என்று எழுதியிருந்தால் சிட்ரேட்தான் வாங்க வேண்டும், கார்பனேட் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். மெடிக்கலில் "ரெண்டும் கால்சியம்தான்க்கா, இது ஸ்டாக் இருக்குது" என்பார்கள், வாங்காதீர்கள். மூட்டு வலி, பல் வலி என்று டைக்ளோஃபினாக், புரூஃபென் மாதிரி எதையும் தொடவே கூடாது, இணைப்பில் புண் வந்து ரத்தம் கசியும், பாராசிட்டமால்தான். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியம் "எனக்கு கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆகியிருக்கு" என்பதாக இருக்கட்டும். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் சேரும் என்று ஆறு மாதத்துக்குத் தனியாக ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். குழந்தை பெறும் வயதில் இருக்கிற பெண்கள் ஒன்று ஒன்றரை வருடம் கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும், அதையும் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

நான்காவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. திரும்ப முளைக்கும் என்றார்கள், முளைத்தது. தொங்குகிற தோல் மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்குத் தனி ஆபரேஷனாம், இன்சூரன்ஸில் வரவும் வராதாம், இவர் சட்டைக்குள்ளே கிடக்கட்டும் என்றுவிட்டார். கன்னம் ஒட்டிப்போன சமயத்தில் காட்பாடி ஸ்டேஷனில் பார்த்த பழைய சிநேகிதர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "அண்ணி, அண்ணனுக்கு ஏதாவது பெரிய வியாதியா?" என்று கேட்டார். இதற்கெல்லாம் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள், குறைந்தாலும் கேட்பார்கள், குறையாவிட்டாலும் கேட்பார்கள். ஒரு வருடத்தில் 82 கிலோ. அந்த சி-பேப் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து டாக்டர் சொன்ன பிறகு. காலையில் கோட்டை மைதானத்தில் நடக்கிறார். கடைசி இரண்டு மாதமாக எடை அசையவில்லை, அதுவும் எதிர்பார்த்ததுதான், இனி ஏறாமல் பார்ப்பதுதான் வேலை என்கிறாள் டயட்டீஷியன்.

சேரப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: பேக்கேஜில் எத்தனை கார்ட்ரிட்ஜ், ராத்திரி பதினோரு மணிக்கு வாந்தி எடுத்தால் எந்த நம்பர், அந்த நம்பரை எடுப்பவர் யார், டயட்டீஷியனை ஒரு வருடம் பார்க்கத் தனியாகக் காசு உண்டா. அந்த நம்பருக்கு ஒருமுறை ராத்திரி சும்மா போட்டுப் பாருங்கள். கேன்டீனில் தயிர் சாதம் நன்றாக இருக்கும், சாம்பார் வேண்டாம். கார் நிறுத்த இடமில்லை, ஆட்டோவில் போங்கள்.